பெட்டியில் கலந்த இரண்டு வரிசை

வெர்லின் ஸ்கார் பொய் சொல்ல மாட்டான். எங்கள் ஊர் குரோ ஃபோர்க்கில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆடு விற்கிறபோதுகூட, "இதுக்கு ஒரு காம்பு வத்திப்போச்சு, பாத்து வாங்கு" என்று வாங்க வந்தவன் கேட்கும் முன்னாலேயே சொல்லிவிடுவான். என் மனைவி ஆர்டிஸின் தம்பி என்பதற்காக நான் தூக்கிப் பேசவில்லை. மொன்டானாவின் எங்கள் கிழக்கு மூலையில் ஒருவனுடைய பெயர் என்பது அவன் வாயிலிருந்து வருகிற சொல்தான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் ஒரு பெண்ணின் பிழைப்பில் அவன் மண்ணைப் போட்டான். நல்லவன் பெயருக்கு அவ்வளவு பலம் உண்டு.

நான் ஓரின் ப்ராட்வோல்ட். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பழைய இரும்பு பொறுக்கித் தொடங்கினேன். இன்றைக்கு முள்ளாணி முதல் டிராக்டர் டயர் வரை இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவனுக்கு எது வேண்டுமென்றாலும் என் கடை வாசலைத்தான் மிதிக்க வேண்டும். கல்லூரிக்குப் போய்வந்தவன்கூடத் தோட்டா வாங்க வந்தால் என்னைத்தான் யோசனை கேட்பான். அதனால் இந்த விஷயத்தை நான் சொன்னால் சரியாக இருக்கும்.

வெர்லின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பன் விட்டுப்போன நிலத்தில் ஆடும், குதிரை மசால் என்ற தீவனப் பயிரும் வளர்த்தான். மசால் வயல் என்றால் தரை அணிலும் உண்டு. பயிரைத் தின்று, வளை தோண்டி, அந்த வளையில் குதிரை கால் வைத்து முறித்துக்கொள்ளும். ஆகவே இளவேனில் வந்தால் எல்லோரும் துப்பாக்கியோடு வயலில் குப்புறப் படுத்துக் கிடப்போம். வெர்லினுடையது அவன் அப்பா வாங்கிய துப்பாக்கி, 222 என்ற அளவுத் தோட்டா போடுவது. காலிப் பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து, அதற்குத் தோட்டாவைக் குளிர்காலத்தில் சமையலறை மேசையில் தானே நிரப்பிக்கொள்வான். கடைத் தோட்டா அவனுக்குக் கடை ரொட்டி மாதிரி.

சுட்டுச் சுட்டு அந்தக் குழல் தேய்ந்துவிட்டது. தூரத்து அணிலைக் குறிவைத்தால் பக்கத்து அணில் பயந்து ஓடுமே தவிர ஒன்றும் விழாது. குழல் மாற்ற எங்கள் ஊரில் ஒரே ஆள்தான், லவோன் குசேரா. அப்பனிடம் கடைசல் வேலை கற்றவள். தொழிலில் கெட்டி, வாயிலும் கெட்டி. 222 குழல் போட மாட்டேன், 223 போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அந்தக் குளிர்காலம் முழுக்க என் கடையில்தான் அவர்கள் வழக்காடினார்கள்.

"222 கூடு வேணும்னா நான் யாரு கால்ல விழுறது அண்ணே? தொழிற்சாலைக்காரன் மனசு வச்சு எப்பவாவது ஒரு தடவ அடிச்சாத்தான் உண்டு. 223ன்னா பெட்ரோல் பங்க்லயே கிடைக்குது."

"பெட்ரோல் பங்க்ல பன்னுகூடத்தான் கிடைக்குது. அத மனுசன் திங்க முடியுதா?"

"ரெண்டுலயும் போறது ஒரே குண்டு. பித்தளைக் கூடுதான் ஒரு பத்து சென்ட் காசோட கனத்துக்கு நீளம். இதுக்கா இத்தனை பேச்சு?"

"அந்தக் காசோட கனத்துலதான் தாயி எல்லாமே இருக்கு. 222 அளவா இருக்கும். சத்தம் கம்மி, உதை கம்மி. சுட்டது எங்க விழுந்துச்சுன்னு நம்ம கண்ணாலயே பாக்கலாம். 223 பட்டாளத்துக்காக இழுத்து நீட்டினது."

வெர்லின் இரண்டு தோட்டாவையும் கல்லாப்பெட்டி மேல் நிற்கவைத்துக்கொண்டு, கழுத்து இங்கே தொடங்குகிறது, தோள் இங்கே இறங்குகிறது என்று பாடம் எடுப்பான். தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். கோதுமை விற்க வந்தவனும் நின்று கேட்டுவிட்டுப் போவான். ஊர் இளவட்டம் கிளிஃப் ராஸ்முசன் ஒருநாள், "எதுக்கு மாமா இந்தப் பிடிவாதம்? என்னை மாதிரி பெரிய தோட்டாவா, 22-250 வாங்குங்க. அணிலு சாகுறதுக்கு முந்தியே அதோட சொந்தக்காரங்களுக்குச் சேதி போயிரும்" என்றான்.

"அதுல ஒரு சீசன் சுட்டா குழல் வெந்துரும். உருக்கி லாடம் அடிச்சுக்க வேண்டியதுதான்," என்றான் வெர்லின்.

கடைசியில் லவோன்தான் வென்றாள். பனி உருகும் சமயத்தில் 223 குழல் மாட்டி, தன் வீட்டுக் கொல்லையில் அவன் கண்முன்னாலேயே சுட்டுக் காட்டினாள். குண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்திருந்தன. வெர்லின் தலையை ஒருமுறை அசைத்தான். அவனிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

எங்கள் ஊர்த் தீயணைப்புப் படைக்கு நிதி திரட்ட வருஷாவருஷம் ஒரு அணில் போட்டி நடக்கும். காலையில் சுடுவது, மத்தியானம் படைக் கொட்டகையில் பான்கேக் விருந்து. அந்த வருஷம் வெர்லின் சுட்டதை ஊரே பார்த்தது. முதலில் நன்றாகத்தான் வீழ்த்தினான். பிறகு குண்டு கண்ட இடத்துக்குப் போனது. சில தோட்டா வெடிக்கவே இல்லை. ஒன்று வெடித்தபோது பின்பக்கமாகப் புகை சீறி அவன் கன்னமெல்லாம் கரி. "மாமா, அணில சுடுறீங்களா, அடுப்பு ஊதுறீங்களா?" என்று கிளிஃப் கேட்க, வயல் முழுக்கச் சிரிப்பு.

வெர்லின் அந்தக் கரியைக்கூடத் துடைக்காமல் கொட்டகைக்கு வந்தான். லவோன் அடுப்படியில் பான்கேக் புரட்டிக்கொண்டிருந்தாள். இவன் மேசைகளுக்கு நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "எங்கப்பா துப்பாக்கியக் கெடுத்துட்டா. குழலுக்குள்ள தோட்டா உக்கார்ற இடத்தக் கோணலா வெட்டியிருக்கா. அவகிட்ட உங்க துப்பாக்கி இருந்துச்சுன்னா கண்ணு இருக்கும்போதே போய்த் திரும்ப வாங்கிக்கங்க."

லவோன் கையிலிருந்த பான்கேக்கைத் தட்டில் போட்டாள், அடுப்பை அணைத்தாள், பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். வேறு எவனாவது சொல்லியிருந்தால், போடா, உனக்குச் சுடத் தெரியவில்லை என்று சிரித்திருப்பார்கள். சொன்னது வெர்லின் ஸ்கார்.

மறுநாள் நான் அந்த வயலுக்குப் போனேன். சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி உருக்க அனுப்புவது என் வழக்கம். இத்தனை சொத்து வந்த பிறகும் குனிந்து பொறுக்க நான் வெட்கப்படுவதில்லை, அப்படித்தான் நான் ஆளானேன். வெர்லின் படுத்திருந்த இடத்தில் கிடந்த கூடுகளில் சிலவற்றுக்குக் கழுத்தே இல்லை. தோள் முன்னால் தள்ளி ஊதிப்போய், ஒன்று வாயிலிருந்து கிழிந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடிப்பக்கத்தைப் பார்த்தேன். 222 என்று அச்சு.

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. புதுக் குழல் 223க்கு வெட்டியது. அதில் 222 போட்டால் உள்ளே லொடலொடவென்று நிற்கும். முன்னால் தாங்க எதுவும் இல்லாமல் பித்தளை ஊதிக் கிழியும். கிழிசல் இன்னும் கொஞ்சம் பின்னால் விழுந்திருந்தால் அவன் படத்துக்கு நாங்கள் மெழுகுவத்தி ஏற்றியிருப்போம்.

நேரே அவன் ஆட்டுக் கொட்டகைக்குப் போனேன். ஒரு கிடாவின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, இதப் பாரு."

வாங்கிப் பார்த்தான். "இது என்னோடது இல்ல மச்சான்."

"உன் இடத்துல பொறுக்கினது. இந்த ஊர்ல வேற எவன் 222 வச்சிருக்கான்?"

கிடாவை விட்டுவிட்டு வண்டிக்குப் போய், தோட்டாப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தான். எல்லாத் தோட்டாவும் தலைகீழாக, அடிப்பக்கம் மேலே பார்த்தபடி குத்தியிருந்தன. கண்ணாடி போடாத கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். நான் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனேன். மேலே ஒரே மட்டமாக வந்த விரல் கடைசியில் ஒரு படி இறங்கியது. அங்கே இரண்டு வரிசை, பாதிக்கு மேல் காலி. மீதி நின்றதெல்லாம் குட்டை.

"பழசு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு," என்றான் மெதுவாக. "பெட்டியில இடம் சும்மா கிடந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல. தனியா எடுத்து வச்சுக்கலாம்னு அதுல சொருகினேன். அப்புறம் மறந்துட்டேன்."

ஊருக்கே அந்தப் பத்து சென்ட் கனத்தைப் பாடம் எடுத்தவன். பெட்டியை மூடவும் தெரியாமல் நின்றான். காது நுனி வரை சிவந்துவிட்டது. அவன் அம்மா செத்த அன்றுகூட அவனை நான் அப்படிப் பார்க்கவில்லை.

"வா, லவோன்கிட்டப் போவோம்," என்றேன்.

லவோன் கடைசல் எந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தக் கிழிந்த கூட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? வெர்லினின் தாடையைப் பிடித்து முகத்தை விளக்குப் பக்கம் திருப்பி, இரண்டு கண்ணையும் இமை விலக்கிப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் கையை எடுத்தாள்.

"கண்ணு தப்பிச்சிருக்கு. கடவுளுக்கு நன்றி சொல்லுங்க."

"தாயி, நான் தெரியாம..."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? என் குழல் கோணல் இல்லன்னு எனக்கு நேத்தே தெரியும். கிளிஃப் காலங்காத்தால வந்து, பாதி வேலையில நான் கழட்டி வச்சிருந்த அவன் குழலக் கோதுமைச் சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போனான். அவனுக்குப் பின்னால இன்னும் மூணு பேர். அவங்களுக்குப் போய்ச் சொல்லுங்க. எங்க நின்னு சொன்னீங்களோ அங்க நின்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"அண்ணாச்சி, நீங்களும் கேட்டுக்கங்க," என்று என்னைப் பார்த்து ஒரு வார்த்தை போட்டுவிட்டு எந்திரத்தை ஓடவிட்டாள்.

சொல்கிறேன் என்றவன் சொல்லவில்லை. என் கடைக்கு வருவதை நிறுத்தினான். சர்ச்சுக்கு வரவில்லை. ஆட்டுக்கு உப்புக்கட்டி வேண்டுமென்றால் ஆர்டிஸிடம் சொல்லி அனுப்பினான். அதற்குள் லவோன் வாசலில் வண்டி நிற்பதே அரிதாகிவிட்டது. ஆட்கள் நகரம் வரை ஓட்டிக்கொண்டு போய் எவனிடமோ வேலை கொடுத்தார்கள். நானே சொல்லிவிடலாம் என்று ஆர்டிஸிடம் கேட்டேன். "நீங்க சொன்னா மச்சினன காப்பாத்தப் பேசுறதா ஆயிரும். அவன் வாயால அழிச்சத அவன் வாயாலதான் கட்டணும்," என்றாள். பிறகு அவளே தம்பி வீட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. ஊரில் என்னிடம் சொல்லப்படாத விஷயம் அது ஒன்றுதான் இருக்கும்.

சில வாரம் கழித்து, ஆம்புலன்ஸுக்கு நிதி சேர்க்கக் கோழி நூடுல்ஸ் விருந்து அதே கொட்டகையில் நடந்தது. வெர்லின் சலவைச் சட்டை போட்டு வந்தான். லவோன் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் மேசையில் வேறு யாரும் இல்லை. இவன் போன தடவை நின்ற இடத்தில் போய் நின்றான்.

"222க்கும் 223க்கும் உள்ள வித்தியாசம்..." என்று ஆரம்பித்தான்.

கொட்டகையே சிரித்தது. "ஐயையோ, மாமா பாடத்த ஆரம்பிச்சிட்டாரு, நேரமாகும், யாராவது இனிப்பு எடுத்துக் குடுங்க," என்றான் கிளிஃப். இன்னும் பெரிய சிரிப்பு. வெர்லின் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றான். அடங்கியது.

"லவோன் வேலையில தப்பில்ல. நான் தோட்டாவ மாத்திப் போட்டுட்டேன். பழைய 222 புதுசோட கலந்து கிடந்துச்சு. சுட்டது என் தப்பு. குழல் நல்ல குழல்."

"அட, இதுல என்ன மாமா," என்றான் கிளிஃப். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். நீங்க பொய்யா சொன்னீங்க? தெரியாமத்தானே சொன்னீங்க. உக்காருங்க."

"அன்னைக்குச் சொன்னது தெரியாம," என்றான் வெர்லின். "மறுநாளே தெரிஞ்சிருச்சு. தெரிஞ்சும் இத்தனை நாளு வாய மூடிட்டு இருந்தேன். அது பொய்தான். நான் பொய் சொன்னேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எதிரில் இருந்த கடுகுப் புட்டியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கம் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அவள் பக்கம் பார்க்க அதைவிட.

கிளிஃப்தான் நாற்காலியில் அரை உடம்பாகத் திரும்பினான். குரலில் பழைய கிண்டல் இல்லை. "லவோன் அக்கா, அப்ப நான் அந்தக் குழலத் திரும்பக் கொண்டாரட்டுமா? வரிசையில எனக்கு எப்ப வரும்?"

லவோன் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வரிசையெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. எப்ப வேணா வா."

குத்திச் சொல்லவில்லை, கடைக்காரி வாடிக்கையாளனுக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். கொட்டகையில் இருந்த அத்தனை ஆண்பிள்ளையும் தட்டைக் குனிந்து பார்த்தோம். ஆர்டிஸ் மட்டும் எழுந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் லவோனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். வெர்லின் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். உட்காரச் சொல்ல வேண்டியவள் லவோன். அவள் சொல்லவில்லை. நூறு பேர் நடுவில் வாய் ஓயாமல் பேசுகிற எனக்கும், என் மைத்துனனை உட்காரு என்று சொல்ல அன்றைக்கு நாக்கு எழவில்லை.