கோமதிக்குத் துணை போன கதை

உளவு பார்க்கும் வேலைக்கு நான் லாயக்கில்லை. இது எனக்கு முன்பே தெரியும். போன சனிக்கிழமையிலிருந்து நாங்கள் குடியிருக்கும் ஆரியசாலைக் கடைத்தெருவுக்கே தெரியும்.

என் மச்சினி கோமதிக்கு — மனைவி செண்பகத்தின் தங்கை — வித்துரா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. பொன்முடி மலைக்குப் போகிற வழியில் இருக்கும் ஊர். திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். கோமதிக்குப் பதினான்கு வயதில் பார்வை போய்விட்டது. பி.எட். படித்து, பரீட்சை எழுதி, ஐந்து வருடம் காத்திருந்து வாங்கிய வேலை இது.

வீட்டில் கொண்டாட்டமா? அமளி!

"தெனமும் அந்த மலைப்பாதையில ஒத்தைக்குப் போய்ட்டு வரணுமா? வேண்டாம்னு எழுதிக் குடுத்துருடீ" என்றாள் செண்பகம்.

"பஸ்ல ஏறத் தெரியாதவளுக்கா அக்கா வேலை குடுத்திருக்கான்?" என்றாள் கோமதி.

அவளுக்குப் பஸ் ஏறத் தெரியும். கையில் வெள்ளைக் கோல். கழுத்தில் ஒரு போன், கேமரா வெளியே பார்த்தபடி தொங்கும். எதிரே இருப்பதையெல்லாம் பார்த்து அவள் காதில் சொல்லும். பஸ் போர்டை வாசிக்கும்... மலையாளமோ, தமிழோ, இங்கிலீஷோ. ஆள் வந்தால் ஆளை வர்ணிக்கும். ஒருநாள் ஆசைப்பட்டு என் காதில் வைத்துப் பார்த்தேன். மீன் ஏலம் மாதிரி அப்படி ஒரு வேகம்! எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. கோமதி அதையும் இன்னும் கொஞ்சம் வேகமாக வைக்க வேண்டும் என்கிறாள்.

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. சனிக்கிழமை கோமதி தனியாக வித்துரா போய்த் திரும்ப வேண்டும். நல்லபடியாக வந்துவிட்டால் திங்கட்கிழமை வேலையில் சேரலாம். வராவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும். யாரும் கூடப் போகக் கூடாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செண்பகம் என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டாள். "நீங்க பின்னாலயே போங்க. அவளுக்குத் தெரியவே கூடாது, கேட்டீங்களா? வாயைத் தொறந்துராதீங்க. உங்க இருமலை வச்சே கண்டுபிடிச்சிருவா."

நியாயமான எச்சரிக்கை. நான் தெருமுனையில் செருப்பை உதறினாலே, "அத்தான் வந்தாச்சு, காபி போடு" என்று உள்ளேயிருந்து சொல்கிறவள் அவள்.

சனிக்கிழமை காலை. நீலத் தொப்பி, மாஸ்க். கோமதி தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணருகே நின்றாள். நான் எதிர்த் தூண். மறைந்துகொள்ள ஒரு மலையாளப் பத்திரிகையும் வாங்கியிருந்தேன்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் திருநெல்வேலியிலிருந்து இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மாமனாரின் மஞ்சள் மண்டியைப் பார்த்துக்கொள்கிறேன். மலையாளம் சரளமாகப் பேசுவேன், சண்டை கூடப் போடுவேன். வாசிக்கத் தெரியாது. ஒரு எழுத்து கூட. பஸ் ஏற வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பேன். அவர் சொல்வார், ஏறிவிடுவேன். இப்படியே இருபத்திரண்டு வருடம் ஓட்டியாயிற்று.

அன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாதே!

மூன்று பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கூட்டம் முண்டியடித்தது. கோமதி போனை உயர்த்தினாள், ஒரு நொடி கேட்டாள், விறுவிறுவென்று நடந்தாள். நான் தலையை நிமிர்த்துவதற்குள் ஆளைக் காணோம். மூன்று பஸ், மூன்று போர்டு. எல்லாம் எனக்கு ஒரே ஜிலேபி. அவள் போன திசையில் அதிகக் கூட்டம் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறினேன்.

"எங்கோட்டா சேட்டா?" என்றார் கண்டக்டர்.

கோமதி முன்னால் எங்கோ உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பில், "கடைசி ஸ்டாப்" என்று கிசுகிசுத்தேன். அவர் என் தொண்டைக்காகப் பரிதாபப்பட்டு டிக்கெட் கொடுத்தார். தொப்பியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடினேன். உளவாளி தூங்கிப்போனான்.

விழித்தபோது எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வழியில் டயர் பஞ்சராகிப் பஸ் ஒரு மணி நேரம் நின்றதாம், அதுவும் எனக்குத் தெரியாது. மலைக்காற்று வர வேண்டிய இடத்தில் மீன் வாடை வந்தது. எட்டிப் பார்த்தால்... கடல்! நான் வந்து சேர்ந்திருப்பது வித்துராவுக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கும் விழிஞ்ஞம்.

பஸ்ஸில் கோமதி இல்லை. சிரிக்காதீர்கள், சீட்டுக்கு அடியில் கூடக் குனிந்து பார்த்தேன். அவள் எந்த பஸ்ஸில் ஏறினாளோ, எங்கே இறங்கி நிற்கிறாளோ. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்த ஜன்மத்துக்கு நான் வீட்டுப்படி ஏற முடியாது. மானத்தை விட்டு அவளுக்கே போன் போட்டேன்.

"சொல்லுங்க அத்தான்."

"கோமதி... எங்கம்மா இருக்கே?"

"வித்துராவுல. ஸ்கூல் வாசல்ல டீ குடிச்சிட்டிருக்கேன். அது கெடக்கட்டும், உங்க பக்கம் அலைச் சத்தம் கேக்கே, நீங்க எங்க நிக்கீங்க?"

சொன்னேன். அந்தப் பக்கம் டீ புரையேறுகிற சத்தம். "என் பின்னால வந்த ஆளு கடலுக்கா போனீங்க?"

"நான் வந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"தம்பானூர்லயே போன் சொல்லிட்டு அத்தான். ‘எதிரே ஒரு நடுத்தர வயது மனிதர், நீலத் தொப்பி, மாஸ்க், பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.’ இந்த ஊர்ல மலையாளப் பத்திரிகையைத் தலைகீழாப் பிடிக்க ஆளு வேற யாரு இருக்கா?"

எழுத்து தெரியாவிட்டாலும் பத்திரிகையில் இருந்த படங்களையாவது பார்த்திருக்கலாம். நான் பார்த்துக்கொண்டிருந்தது கோமதியை.

மாட்டிக்கொண்டது தெரிந்தாலும் வாயைத் திறக்க எனக்கு இன்னும் தயக்கம். தொண்டை போனவனாக டிக்கெட் வாங்கிய ஆள், இறங்கியதும் கணீரென்று திரும்பிப் போக பஸ் விசாரித்தால் அந்தக் கண்டக்டர் என்ன நினைப்பார்? கோமதியே வழி சொன்னாள். "போர்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினேன். அவள் போன் வாசித்து அவளுக்குச் சொல்ல, அவள் எனக்குச் சொன்னாள்.

"இது பூவார் போற பஸ் அத்தான், ஏறிராதீங்க." அடுத்த போட்டோ. "இதுவும் இல்லை." அடுத்தது. "ஆங்... இது தம்பானூர். ஏறி ஜன்னல் பக்கம் உக்காருங்க. தூங்கிராதீங்க."

கண் தெரிந்த நான் கடலோரத்தில். கண் தெரியாதவள் மலையடிவாரத்திலிருந்து எனக்குப் பஸ் பிடித்துக் கொடுக்கிறாள்.

திரும்பி வரும்போது வெட்கமாகத்தான் இருந்தது. நான் ஊரில் உள்ளவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டே இருபத்திரண்டு வருடம் பஸ் ஏறியிருக்கிறேன். அதை யாராவது குறை என்றார்களா? ‘விசாரிச்சுப் போயிட்டு வா’ என்றுதான் சொன்னார்கள். கோமதி ஒரு போனிடம் விசாரித்தால் மட்டும் ‘அய்யோ பாவம்’ என்கிறோம். பயம் எங்களுக்கு. அதற்கு மருந்தாக வேலையை விட வேண்டியவள் அவளா?

வீட்டுக்கு வந்ததும் செண்பகம் கேட்டாள்: "தங்கச்சி ஒத்தைக்கா போனா? ஒரு இடத்துலயும் தடுமாறலையே?"

"ஒத்தைக்குத்தான் போனா. நான் சாட்சி" என்றேன். உண்மை. அவள் கூட நான் ஒரு கிலோமீட்டர் கூடப் போகவில்லையே! ஆனால் மதியம் கோமதி திரும்பி வந்து டீ புரையேறிய கதையைச் சொன்னதும் செண்பகம் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கையின் வேலை ஆர்டரைச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை கோமதி வேலைக்குக் கிளம்பினாள். தனியாக. நானும் காய்கறி வாங்கப் பையோடு இறங்கினேன். இரண்டு தெரு தள்ளிச் சாலை மார்க்கெட், அவ்வளவுதான். தெருமுனையில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், போய்ச் சேந்ததும் ஒரு போன் போட்ருங்க."