புனிதவதியின் கடைசிக் கண்

இது நடந்தது. கட்டுக்கதை என்பவர்கள் சோபியா நகரத்துக்குப் போய் ஓக்னியானின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள். அப்புறம் வாயைத் திறக்க மாட்டீர்கள்.

ஓக்னியானும் ரலிட்சாவும் என்னோடு கலை வரலாறு படித்தவர்கள். எகிப்து, கம்போடியா, மெக்சிகோ, எங்கள் ஊர்ச் சுவரோவியம் என்று உலகத்துக் கலை முழுக்கப் பாடம். ரலிட்சா மகா கெட்டிக்காரி. சிலையின் மூக்கைக் காட்டினால் நூற்றாண்டைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குக் கடைசி வருடம் கண் மங்க ஆரம்பித்தது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். டிசம்பரில் இறுதித் தேர்வு. திரையில் படம் காட்டி, எந்த நாடு, எந்தக் காலம் என்று கேட்பார்கள். முதலாவதாக வருபவருக்கு அருங்காட்சியகத்தில் வேலை. படமே தெரியாதவள் எங்கே முதலாவதாக வருவது?

அவளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டியது ஓக்னியான்தான். அதே வேலைக்கு அவனும் போட்டி. ஆனாலும் வாசித்தான். பைத்தியக்காரன்!

நவம்பரில் எல்லையோர மலைக் கிராமம் ஒன்றுக்கு எங்களை அழைத்துப் போனார்கள். அந்தத் தேவாலயச் சுவரில் பெயர் அழிந்துபோன புனிதவதி ஒருத்தி, ஆளுயரத்துக்கு நிற்கிறாள். இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுண்ணாம்புக் குழி. கண்நோய் வந்தவர்கள் ஓவியத்தின் கண்ணைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து ஒற்றிக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம்.

"வலது கண்ணை மட்டும் தொட்டுடாதீங்க," என்றாள் சாவி வைத்திருந்த ஸ்தோயங்கா.

"ஏன்க்கா, கோவிச்சுக்குவாளா?" என்று சிரித்தான் ஓக்னியான்.

"எடுத்தது யாருன்னு அவளுக்குத் தெரிய வேணாமா தம்பி? ஒரு கண்ணாவது இருக்கட்டும்."

ரலிட்சா அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு, "அக்கா, வீட்டுல காய்ச்சின ராக்கியா இருக்கா? குளிர் எலும்பைத் துளைக்குது," என்று ஸ்தோயங்காவை வெளியே கூட்டிப் போனான். எல்லாம் இவளுக்காகத்தான்.

நகம் தேய்க்கும் அரம் போதுமானதாக இருந்தது.

ஒரே வாரம். ரலிட்சா மருந்துப் புட்டியின் பொடி எழுத்தைப் படித்தாள். அழுதாள். ஓக்னியானைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

அதற்கடுத்த நாள் விடுதியின் வாசல் கைப்பிடியில் வெள்ளைத் தூள். ஐந்து விரல்களின் தடம். துடைத்தாள். மறுநாள் படிக்கட்டுச் சுவரில், யாரோ தடவிக்கொண்டே ஏறியது போல ஒரு நீளக் கோடு. அதற்கு மறுநாள் அவள் அறைக் கதவில். அப்புறம்... தலையணையில்.

தேர்வுக்கு முந்தைய மாலை. வார்ப்புச் சிலைகள் நிற்கும் கூடத்தில் அவள் மட்டும் படித்துக்கொண்டிருந்தாள். எகிப்து அரசி, கம்போடியப் புத்தர், மெக்சிகோ முகமூடி, எல்லாம் பழுப்புச் சாயம் பூசிய பிளாஸ்டர் முகங்கள். ஓக்னியான் சாப்பிடப் பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா ரொட்டி வாங்கப் போயிருந்தான். மணி ஐந்து. வெளியே நன்றாக இருட்டிவிட்டது.

கரண்ட் போனது.

சர்ர்... சர்ர்...

வாசல் பக்கம். சுவரை யாரோ தடவும் சத்தம்.

கைப்பேசி வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தாள். யாரும் இல்லை. ஆனால் எகிப்து அரசியின் இரண்டு கண்களிலும் வெள்ளை விரல் தடம்.

சர்ர்...

புத்தரின் கண்களிலும்.

சர்ர்...

முகமூடியிலும். ஒவ்வொரு முகமாக... கண்ணைத் தேடி...

அடுத்த முகம் அவளுடையது.

கைப்பேசியை அணைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு சிலை போல உட்கார்ந்தாள்.

ஈரச் சுண்ணாம்பு வாடை.

நெற்றியில் ஒரு விரல். சில்லென்று... சொரசொரப்பாக... புருவத்துக்கு இறங்கியது.

இமை துடித்தது.

விரல் நின்றது.

"ரலி... இருக்கியாடி? என்ன ஒரே இருட்டு?"

வாசலில் ஓக்னியான்.

ஓடுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி! சொல்லவில்லை.

"இங்கதான் இருக்கேன் ஓக்னியான்," என்றாள் மெதுவாக. "பக்கத்துல வந்து உக்காரு."

விரல் அவள் முகத்தை விட்டு எழுந்தது.

அவன் அலறல் தெருமுனை வரை கேட்டதாம். கரண்ட் வந்தபோது அவனுடைய வலது கண் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. காரணம் எந்த டாக்டருக்கும் தெரியவில்லை.

மறுநாள் ரலிட்சா தேர்வு எழுதினாள். முதலாவதாக வந்தாள். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வசந்தத்தில் அதே ஓவியத்தைப் படமெடுக்க அருங்காட்சியகம் அவளை அனுப்பியது. இடது கண் பழைய குழிதான். ஆனால் அவள் சுரண்டிய வலது கண்... முழுசாக இருந்தது. பச்சை நிறம். நடுவில் சின்னப் பழுப்புப் புள்ளி. ஓக்னியானின் கண். அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"அன்னிக்கு அவ... உன்கிட்ட ஏதாவது பேசினாளா?"

ஓக்னியான் அவசரப்படவில்லை. பனிட்சாவைப் பிய்த்து வாயில் போட்டு மென்றான்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டா. எடுத்தது யாருன்னு."

"நீ என்னடா சொன்ன?"

"உன் முழுப் பேரையும் சொன்னேன்." இருந்த ஒரு கண்ணால் அவளை நிமிர்ந்து பார்த்தான். "பயப்படாத ரலி. இனிமே அவ ஒவ்வொரு முகமா தடவித் தேட வேண்டியதில்ல. அதான் ஒரு கண்ணு வந்துடுச்சே."