உடையாத மதில்

சண்டிலிப்பாயிலிருந்து பண்டத்தரிப்புக்குப் போகிற றோட்டில் ஒரு வளைவு இருக்கிறது. வளைவின் வெளிப்பக்கத்து வீடு பியாட்றிஸ் அக்காவுடையது. வேகமாக வருகிறவன் திரும்பத் தவறினால் அவருடைய வளவுக்குள்தான் வரவேண்டும். வேறு வழி இல்லை.

முன்பு அங்கே கிளுவை மரத் தடிகளை நட்ட வேலி நின்றது. வருஷத்தில் சில பேர் அதைப் பிய்த்துக்கொண்டு வந்து கத்தரிப் பாத்திக்குள் விழுவார்கள். எழும்பி, மண்ணைத் தட்டி, மோட்டார் சைக்கிளின் கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டு போய்விடுவார்கள். ஒருவன் போகும்போது கறிக்குக் கத்தரிக்காயும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். பியாட்றிஸ் அக்கா திட்டவில்லை. உடுவிலில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதியின் சமையலறையை நெடுங்காலம் பார்த்தவர் அவர். பிள்ளைகள் விழுவதும் எழும்புவதும் அவருக்குப் புதிதல்ல. ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலே தனியாக இருந்து, முன் அறையில் தையல் மெசினைப் போட்டு, ஊராருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார்.

தம்பி ஹரோல்ட் கனடாவிலிருந்து வந்தபோது வேலியைப் பார்த்து வெட்கப்பட்டார்.

"ஊரெல்லாம் மதில் கட்டிப்போட்டுதுகள். நீ இன்னும் தடி நட்டுக்கொண்டிருக்கிறாய் அக்கா. ஒரு நாளைக்கு ஒருத்தன் உன்ரை மெசினுக்கு மேலை வந்து ஏறுவான், பார்."

மேசன் இன்னாசித்தம்பியைப் பிடித்து அவரே நின்று மதிலைக் கட்டுவித்தார். வளைவு என்றபடியால் இன்னாசித்தம்பி கம்பியைக் கூடுதலாகப் போட்டு, கொங்கிறீட்டை இறுக்கி நிரப்பினார். "லொறி அடிச்சாலும் லொறிதான் அழும்" என்று சொல்லிச் சிரித்தார்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ஐம்பது என்று போட்ட பலகை நிற்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. பொலிஸ்காரர் வேகம் பார்க்கிற கருவியோடு மதிலோரத்து வேப்பமர நிழலில் நிற்கிற நாட்களில் மட்டும் எல்லோரும் ஊர்ந்து போவார்கள். எதிரே வருகிற வாகனங்கள் லைற் அடித்துக் காட்டிவிடும். பொலிஸைத் தாண்டியதும் பிறகும் பறப்பார்கள். வேகம் என்பது பொலிஸ் நிற்கிற இடத்தில் மட்டும் இருக்கிற ஒரு சாமான் மாதிரி.

அன்றைக்குப் பொலிஸ் நிற்கவில்லை. மாதகல் பக்கத்துப் பெடியன் யதுசன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். வழியில் அவனுடைய மோட்டார் சைக்கிளில் பெற்றோல் முடிந்துவிட்டது. கூட வந்த சிநேகிதன் அனோஜன், தன்னுடைய மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை யதுசனின் பின் மிதியில் ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தான். எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற வேலைதான். கயிறும் இல்லை, கொழுக்கியும் இல்லை, ஒரு கால். மெல்ல வந்திருந்தால் ஒன்றும் நடந்திராது. றோட்டு வெறுமையாகக் கிடந்ததால் அனோஜன் முறுக்கினான். வளைவில் அவன் காலை எடுக்கப் பிந்திவிட்டது. யதுசனால் திருப்ப முடியவில்லை.

அனோஜன் றோட்டில் விழுந்தான்; தோள் எலும்பு முறிந்தது. யதுசன் நேரே மதிலில் போய் அடித்தான்.

பியாட்றிஸ் அக்கா கையிலே இருந்த தைக்காத துணியோடு ஓடினார். அந்தத் துணியைத்தான் அவனுடைய தலைக்குக் கீழே வைத்தார். அம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருந்தார். அவன் ஒன்றும் கதைக்கவில்லை. அம்புலன்ஸ் வரமுன்னமே எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. சோறு காய்ச்சினார், சாப்பிட்டார், ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனார், பாட்டுக்கு எல்லோரோடும் எழும்பி நின்றார். "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டவர்களுக்கு "இருக்கிறன்" என்றார். விசாரணையில் பிழை வேகத்தில் என்று சொன்னார்கள். தள்ளினதும் பிழை என்றார்கள். மதிலைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு யதுசனின் தாய் நாகேஸ்வரி வந்தார். மதிலடியில் கற்பூரம் கொளுத்தினார். அது எரிந்து முடிந்ததும் மதிலை உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"நல்ல மதில் அக்கா. ஒரு வெடிப்புக்கூட இல்லை."

கோபத்தில் சொல்லவில்லை. கடையில் ஒரு சீலையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

பியாட்றிஸ் அக்கா பின்னேரம் முழுவதும் மதிலில் வெடிப்பு இருக்கிறதா என்று தேடினார். இல்லை. அடுத்தநாள் காலமை இன்னாசித்தம்பிக்கு ஆள் அனுப்பினார்.

"இதை உடைக்க வேணும் அண்ணை."

"எதை?"

"மதிலை."

இன்னாசித்தம்பி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார். "தங்கச்சி, நான் கட்டினதை நானே உடைக்கிறதோ? சனம் என்னைப் பார்த்துச் சிரிக்காதோ?"

"வேறை ஆளைப் பிடிக்கட்டோ?"

"வேறை ஆள் உடைச்சால் ஒரு மாசம் செல்லும். என்ரை வேலை அப்பிடி." றோட்டைக் காட்டினார். "உவங்கள் பறந்து வந்து செத்தால் மதில் என்ன செய்யும்? நாளைக்கு ஒருத்தன் உள்ளை வந்து உங்களை அடிச்சால்?"

"மெசினைப் பின் அறைக்கு மாத்திறன்."

"நீங்கள் வளவுக்குள்ளை நிண்டால்?"

"நிண்டால் நிண்டதுதான்."

ஹரோல்டின் ரெலிபோன் கோல் இன்னும் சூடாக இருந்தது. "உனக்கு விசரோ அக்கா? அதை நான் உனக்காகத்தானே கட்டினனான்."

"ஓம் தம்பி. எனக்குத் தெரியும்."

"அவன் செத்ததுக்கு நீ என்ன செய்வாய்?"

"வேலி நிண்ட காலத்திலை ஒருத்தனும் சாகேல்லை."

பிறகு ஹரோல்ட், "உன்ரை வளவு, உன்ரை விருப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பல கிழமை அவர் கோல் எடுக்கவில்லை.

இன்னாசித்தம்பி நாலைந்து நாள் நின்று உடைத்தார். கம்பியைக் கூடுதலாகப் போட்டவரை, அதாவது தன்னையே, காலமை முதல் பின்னேரம் வரை ஏசிக்கொண்டு உடைத்தார். முடிந்ததும் அவரே எங்கோ போய்க் கிளுவங்கதியால் தடிகள் வெட்டி வந்து வரிசையாக நட்டுக் கொடுத்தார். முள்ளுக்கம்பி அடிக்கட்டோ என்று கேட்டதற்குப் பியாட்றிஸ் அக்கா வேண்டாம் என்றார். வேலிக்கு உள்ளே மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, பழையபடி கத்தரிக்கன்று வைத்தார். ஊரிலே சிலர் அவருக்கு மூளை பிசகிவிட்டது என்று கதைத்தார்கள். அதுவும் அவருக்கு உறைக்கவில்லை.

மாரி தொடங்கி, கதியால்கள் தளிர்விட்ட பிறகு ஒரு பின்னேரம், பின் அறையில் இருந்தவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. தடிகள் முறிகிற சத்தம். மெசினை விட்டு எழும்பி வெளியே வந்தார்.

கத்தரிப் பாத்திக்குள் ஒரு பெடியன் குந்தியிருந்தான். முழங்கை உரசியிருந்தது. முகமெல்லாம் சேறு. மோட்டார் சைக்கிள் பக்கத்திலே கிடந்து இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

"சொறி அன்ரி. ஈரம், சறுக்கிப்போட்டுது." அவன் எழும்பி நின்றான். "வேலியை நான் வந்து கட்டித் தாறன். இப்ப அவசரமாப் போகவேணும்."

பியாட்றிஸ் அக்கா குனிந்து மோட்டார் சைக்கிளின் திறப்பைத் திருகி எடுத்தார். இரைச்சல் நின்றது. திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு குசினிப்பக்கம் நடந்தார்.

"அன்ரி, திறப்பு."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"வேண்டாம் அன்ரி, உண்மையா நேரம் போட்டுது."

"இரு எண்டு சொல்லுறன்."

அவரது குரல் பெரிதாக வந்தது. பெடியன் படியில் இருந்தான். பியாட்றிஸ் அக்கா கேத்திலில் நிறையத் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தார். நெருப்பைக் கூட்டவில்லை. சின்னதாகவே எரியவிட்டு, குசினி வாசலில் நின்று, அவன் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கைபேசியை எடுத்து யாருக்கோ, "மச்சான், நான் வரப் பிந்தும், இஞ்சை ஒரு அன்ரி விடுறா இல்லை" என்றான்.

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.