பின்னிருக்கைக்கு இருபத்தாறு டிகிரி

எங்கள் கார் பத்திரிகையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இருபத்திரண்டு' என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். சோதனைக்கு எந்தக் கார் வந்தாலும், ஏறி உட்கார்ந்ததும் அவர் கை முதலில் போவது ஏசி பொத்தானுக்குத்தான். இருபத்திரண்டு டிகிரி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி, குளிர் எலும்பைக் குடைந்தாலும் சரி, அதில் அரை டிகிரி ஏறாது, இறங்காது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட வேண்டும் என்றால் மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான். கூட உட்கார்ந்து வருபவர்களுக்குத்தான் பாடு.

நான் அவருக்கு எதிர் மேசை. அவர் கொண்டுவரும் எண்களை வைத்துக் கட்டுரை எழுதுவது என் பிழைப்பு. பதினான்கு வருடமாக அவர் எண், என் எழுத்து. "இந்த வண்டி மனசுக்குப் பிடிச்சிருக்கா அண்ணா?" என்று கேட்டால் படிவத்தைத் தூக்கிக் காட்டுவார். "மனசுக்கு இதுல கட்டம் இல்லையேம்மா."

படிவத்தில் ஐம்பத்திரண்டு கட்டங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி, பிரேக் மிதித்தால் எத்தனை மீட்டரில் நிற்கிறது, டிக்கியில் எத்தனை பெட்டி கொள்ளும், கதவை மூடினால் எப்படிச் சத்தம் வருகிறது, இப்படிப் போகும். ஐம்பத்தொன்றை அவர் நிரப்புவார். கடைசிக் கட்டம் பின்னிருக்கை. அது அண்ணியுடையது.

அது எப்படி அண்ணியுடையது ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரக் கார் ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும், அதாவது அதன் ரேஞ்சு என்ன என்று பார்க்க, நூறு சதவீதத்தில் கிளம்பி வண்டி நகர மறுக்கும்வரை ஓட்ட வேண்டும். அதற்கு முன் பெட்ரோல் வண்டிக்கும் இப்படி ஒரு முழுநாள் ஓட்டம் இருந்தது. பின்னிருக்கையின் இடது பக்கம் அறுபது கிலோ எடை இருக்க வேண்டும் என்பது விதி. அலுவலகம் அதற்கு மூன்று மணல் மூட்டைகள் வைத்திருக்கிறது. "மணல் வாயைத் திறந்து பேசுமா? முழங்கால் இடிக்குதுன்னு சொல்லுமா?" என்று சொல்லி இவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஐம்பத்தெட்டு கிலோ. திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு இரண்டு கிலோ. கணக்கு சரியாகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் ஏறினால் நாள் முழுக்கப் பின்னால் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே வருவார். திரும்பி வந்ததும் வண்டிக்கும் மதிப்பெண் போடுவார். எவ்வளவு பெரிய வண்டியாக இருந்தாலும் பத்துக்கு ஏழைத் தாண்டியதில்லை. "தலை இடிக்கலை. இடுப்பு இடிக்குது. ஆறு." கம்பெனிக்காரர்கள் அவரை நினைத்துத்தான் பயந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

குளிர்தான் அவருக்கு ஆகாது. பெட்ரோல் காலத்தில் பிரச்சினை இல்லை. இன்ஜின் சூட்டிலேயே வண்டிக்குள் கதகதப்பு கிடைக்கும், அது ஓசி. மின்சார வண்டியில் சூடும் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். குளிர்காலச் சோதனைகளில் மலைப்பாதை ஆரம்பிக்கும் இடத்தில், சரியாக நூற்றி எண்பத்தேழாவது கிலோமீட்டரில், அண்ணி பேனாவை மூடிவிட்டுக் கேட்பாராம்.

"ஏங்க, கால் விறைச்சுப் போச்சு. பின்னாடி மட்டும் கொஞ்சம் சூடு வைங்களேன்."

"சால்வையை இழுத்துப் போத்திக்கோ. ரேஞ்சு போயிடும்."

ஆறு வருடமாக இதே கேள்வி, இதே பதில். எங்கள் ஆண்டு விழாவுக்கு வரும்போதெல்லாம் அண்ணி இதைச் சொல்லிச் சிரிப்பார். "உங்க அண்ணனுக்கு நான் பொண்டாட்டி இல்லம்மா, அறுபது கிலோ மூட்டை." அவரும் பக்கத்தில் நின்று சிரிப்பார்.

நான் சொல்ல வந்த சோதனைக்கு நான்கு மாதம் முன்பு அண்ணி இறந்துபோனார். பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறையில், சாக்பீஸ் எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பன்னிரண்டாவது நாள் இவர் வேலைக்கு வந்துவிட்டார். ஒன்பது மணிக்கு வந்தார், ஒரு மணிக்குச் சாப்பிட்டார், ஆறு மணிக்குப் போனார். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் தினமும் ஏழு மணிக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்பாள். சாப்பிட்டேன், தூங்கினேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். "அப்பாகிட்ட பேசினா ரெக்கார்டு போட்ட மாதிரி இருக்கு அத்தை" என்று என்னிடம் அழுதாள். அலுவலகத்தில் கல் நெஞ்சு என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் கோபம்தான், மறைப்பானேன். அப்படி ஒரு பெண் இத்தனை வருஷம் கூட வாழ்ந்திருக்கிறாள், இந்த மனுஷனுக்குத் தொண்டைகூட அடைக்கவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "எப்படிண்ணா இருக்கீங்க? நிஜமா சொல்லுங்க."

"பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி இருக்கும்மா. வாய் இருக்குன்னு தெரியுது. கடிச்சாத்தான் தெரியல."

சொல்லிவிட்டுப் படிவத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

குளிர்காலம் பிறந்தது. அப்போதுதான் அந்தச் சொகுசு மின்சார வண்டி வந்தது. காரைவிட உயரம், ஜீப்பைவிடக் குட்டை. கிட்டே போனால் கதவுப்பிடி தானாக வெளியே எட்டிப் பார்க்கும். முன்னிருக்கை முதுகு பிடித்துவிடும். கூரை முழுக்கக் கண்ணாடி. நான்கு இருக்கைக்கும் தனித்தனி வெப்பநிலை, தனித்தனிச் சூடு. அலுவலகமே கீழே இறங்கிப் போய் ஒரு சுற்று ஏறி வந்தது. விளம்பரப் பிரிவுக்காரர் மிதித்த மிதியில் வயிறு பின்னாலேயே தங்கிவிட்டது என்றார். இருபத்திரண்டு 'நூறைத் தொட 4.8 நொடி' என்று எழுதினார். திரை உடனே கேட்கிறதா, கேட்கிறது. வேகத்தடையில் தூக்கிப் போடுகிறதா, கொஞ்சம். முதுகு பிடித்துவிடும் இருக்கையில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு 'வேலை செய்கிறது' என்று எழுதினார். அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது சொர்க்கம், இவருக்கு வேலை செய்கிறது.

சனிக்கிழமை தூர ஓட்டம். மணல் மூட்டை மூன்றையும் பின்னால் இடது பக்கம் ஏற்றி, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார். போடாவிட்டால் வண்டி வழியெல்லாம் கூவிக்கொண்டே வரும். திங்கட்கிழமை படிவம் என் மேசைக்கு வந்தது. தூரம் 412. ஐம்பத்திரண்டாவது கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்.

அச்சுக்குப் போகும் முன் எண்களைக் கம்பெனிக்கு அனுப்பி வைப்பது எங்கள் வழக்கம். மறுநாளே போன் வந்துவிட்டது. அதே வண்டி, அதே மாதிரிப் பாதை, வேறு இரண்டு பத்திரிகைகள் சோதித்து ஒன்று 430, ஒன்று 433 என்று போட்டிருக்கின்றன. உங்களுக்கு மட்டும் எப்படி 412? வண்டியில் எல்லாமே பதிவாகும், அந்தப் பதிவை நாங்களே எடுத்துக்கொண்டு வருகிறோம் என்றார்கள்.

பத்திரிகை ஆசிரியர் அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கதவு மெல்லியது.

"இருபத்திமூணு வருஷத்துல உன் எண்ணுக்கு நான் ஒரு திருத்தம் போட்டதில்லப்பா. இது தப்புன்னு ஆயிட்டா உன்னை எப்படி அந்த சீட்ல வைக்கறது? பழைய இதழ்களை அடுக்கற வேலைக்குத்தான் மாத்தணும்."

"தப்பா இருந்தா மாத்திடுங்க சார்."

இதையும் அதே குரலில்தான் சொன்னார். பெண்டாட்டி போய்விட்டாள், மகள் தூரத்தில், மிச்சமிருந்தது இந்த ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான். அதுவும் போனால் இந்த மனுஷன் காலையில் எதற்கு எழுந்திருப்பார்?

புதன்கிழமை காலை கம்பெனி இன்ஜினியர் மடிக்கணினியோடு வந்தார். சின்ன வயது, மரியாதையான ஆள். ஆசிரியர், இருபத்திரண்டு, குறிப்பெடுக்க நான். இன்ஜினியர் வரிசையாகப் படித்தார்.

"காலை ஆறு நாப்பத்திரண்டு. வண்டி கிளம்புது. முன்பக்கம் இருபத்திரண்டு டிகிரி. சரியா இருக்கு சார். ஆறு நாப்பத்திமூணு. பின்பக்கம் இடது, இருபத்தாறு டிகிரி. இருக்கைச் சூடு, ஒண்ணு."

இருபத்திரண்டு தலையைத் தூக்கினார். "பின்பக்கமா?"

"ஆமா சார். அப்புறம் நூத்தி எண்பத்தேழாவது கிலோமீட்டர். இருக்கைச் சூட்டை ரெண்டுக்கு ஏத்தியிருக்கீங்க. கடைசிவரைக்கும் அப்படியே இருந்திருக்கு. ரேஞ்சு அதுலதான் போயிருக்கு." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "பின்னாடி யார் சார் உக்காந்திருந்தாங்க?"

ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

"மணல்" என்றார் இருபத்திரண்டு.

இன்ஜினியர் அது ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கப் போய், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இருபத்திரண்டு தன் இடது கையை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்தவர் பொருளைப் பார்ப்பதுபோல.

"நான்தான் வச்சிருக்கேன். எப்ப வச்சேன்னு தெரியல சார். சத்தியமா தெரியல."

வரும் சனிக்கிழமை திரும்ப ஓட்டட்டும், அந்த எண் ஒத்துவந்தால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம், வராவிட்டால் இடமாற்றம்தான் என்று ஆசிரியர் முடித்தார்.

மணல் வேண்டாம், நான் வருகிறேன் என்றேன். "எடை எவ்வளவும்மா?" என்று படிவத்தோடு வந்து நின்றார். "அறுபதுன்னு எழுதுங்க. அதுக்கு மேல துருவக் கூடாது." நான்கு மாதத்தில் முதல் முறையாக அவர் உதடு லேசாகக் கோணியது. அதைச் சிரிப்பு என்று எழுத மாட்டேன்.

சனிக்கிழமை காலை முன்பக்கம் இருபத்திரண்டு வைத்தார். பின்பக்கம் அணைத்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். நான் அண்ணியின் இடத்தில் உட்கார்ந்தேன். இருக்கை அருமையான இருக்கை. முழங்காலுக்கு முன் ஒரு முழம் இடம். ஆனால் சூடான காற்று முன்னாலேயே நின்றுவிட்டது. நூறாவது கிலோமீட்டரில் விரல் நுனி சில்லிட்டது. நூற்றைம்பதில் கால்கள் என்னுடையவை இல்லை. ஆறு வருடம் ஒரு பெண் இதில் உட்கார்ந்து அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் கணக்கைத் திருத்தியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மலைப்பாதை ஆரம்பித்தது. நூற்றி எண்பத்தாறு. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். நூற்றி எண்பத்தேழு.

"குளிருதா?" என்றார் கண்ணாடியில் பார்த்து.

"இல்லண்ணா."

அவர் இடது கை ஸ்டியரிங்கை விட்டுத் திரைப்பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. அதைத் தொட்டால் இன்றைய ஓட்டமும் பாழ், அவருடைய ஓட்டுநர் இருக்கையும் பாழ். கொஞ்ச தூரம் கை அப்படியே அந்தரத்தில் இருந்தது. பிறகு திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்தது.

அலுவலகத்தின் பின்னால் இருக்கும் சோதனை மைதானத்தில் கடைசிச் சுற்றுகள் ஓட்டினோம். நல்ல வெளிச்சம் இருக்கும்போதே வண்டி முனகி, மெல்ல ஊர்ந்து, நின்றுவிட்டது. 431.

"அண்ணா! ஒத்து வந்துடுச்சு!" என்று நான்தான் கத்தினேன். அவர் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பத்தொம்பது" என்றார்.

"என்னண்ணா?"

"பத்தொம்பது கிலோமீட்டர்தாம்மா. இங்க இருந்து எங்க வீடு வரைக்கும்கூட இல்ல. இதுக்குத்தான் அவளை ஆறு வருஷம் குளிர்ல உக்கார வச்சேன்."

கையை நீட்டிப் பின்னிருக்கைச் சூட்டுப் பொத்தானை அழுத்தினார். பேட்டரி போதாது, இந்த வசதி இப்போது இயங்காது என்று திரையில் வந்தது. திரும்ப அழுத்தினார். திரும்ப அதுவே வந்தது. அழுத்திக்கொண்டே இருந்தார். தோள் குலுங்க ஆரம்பித்தபோதுதான் அழுகிறார் என்று எனக்குப் புரிந்தது. குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். நானும் பின்னால் உட்கார்ந்து அழுதேன். இழுவை வண்டிக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, நிலைமையைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு படிவத்தைத் தொடைமேல் வைத்து எழுதினார். தூரம் 431. பிறகு ஐம்பத்திரண்டாவது கட்டத்துக்குக் கீழே, இடமே இல்லாத இடத்தில், கோணல்மாணலாக இன்னொரு கட்டம் போட்டார். அது இன்றைக்கும் எங்கள் படிவத்தில் இருக்கிறது, எல்லா வண்டிக்கும் நிரப்புகிறோம். அன்றைக்கு அதில் அவர் எழுதியது இது: 'பின்னால் இருப்பவர் குளிராமல் வந்தால், 412.'