ஜுனைதா படித்த கொரியாக் கடிதம்

கொரியாவிலிருந்து கடிதம் வந்த அன்றே ஜுனைதா உஷாராகிவிட்டாள். உறைக்குள் ஓர் இளம்பெண்ணின் போட்டோ வேறு! கீழக்கரைப் பெண்ணுக்குச் சந்தேகப்படச் சொல்லித்தர வேண்டுமா? அக்கரையில் இன்னொரு குடும்பம் வைத்திருந்த ஆண்களின் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள் அவள்.

புருஷன் அகமது கபீர், பினாங்கில் சீனர் மருந்துக்கடையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். சீன எழுத்து முந்நூறுக்குக் குறையாமல் தெரியும். பிறகு பட்டாளத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்து, கொரியாச் சண்டையில் காயம்பட்டவர்களைக் கவனித்தார். போன வருஷம்தான் ஊர் திரும்பினார். தன்னைப் பெற்ற உம்மா மவுத்தாகிப்போனபின் அவள் சேலைகளை அடுக்கி ஜுனைதா தைத்துக் கொடுத்த போர்வை மட்டும் திரும்பவில்லை. கப்பலில் வரும்போது கடலில் விழுந்துவிட்டதாம். அதற்காக அவள் எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள்.

"என்ன எழுதிருக்கா?"

"அங்கன வேலை பாத்த நர்சு. நல்லாருக்கீங்களான்னு கேட்டிருக்கு."

"ரெண்டு பக்கத்துக்கும் அதையேவா கேட்டிருக்கா?"

கபீர் தொண்டையைச் செருமினார். தொழுகைக்கு நேரமாச்சு என்று நழுவினார். மதிய லுஹருக்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடந்தது.

ஜுனைதா ரோஷக்காரி. மனுஷன் வாயிலிருந்து வராத உண்மையை எழுத்திலிருந்து பிடுங்கிவிடுவது என்று முடிவு கட்டினாள். "அந்த பாஷையை எனக்கும் சொல்லிக் குடுங்க மச்சான்" என்று குழைந்தாள். கபீருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் கற்ற வித்தையை ஊரில் ஒரு ஆள் அதுவரை விசாரித்ததில்லை.

"நாம நேரத்தை வக்துங்கிறோம்ல? மலாய்க்காரனும் வக்துங்கிறான். எங்க வார்டுல கெடந்த துருக்கிச் சிப்பாய் வக்கித்துன்னான். எல்லாம் அரபுல இருந்து போனது. இதுவும் அப்படித்தான் புள்ள. பினாங்குச் சீனன் நேரத்தை சீகான்னு சொல்லுவான், கொரியாக்காரன் சிகான்னு சொல்லுவான். நன்றிக்கு அவன் காம்சியா, இவன் காம்சா. எழுத்து ஒண்ணு, வாய்தான் வேற."

"அட, இம்புட்டுத்தானா!"

கடிதத்தில் பாதி கொரியா எழுத்து. அது அவளுக்கு ஆகாது. இடையிடையே வந்த சீன எழுத்துதான் அவள் குறி. அடுப்பங்கரைச் சுவரில் கரிக்கட்டையால் பாடம் நடந்தது. காலை அகட்டி நின்றால் மனிதன். அவனுக்குக் குறுக்கே ரெண்டு கோடு இழுத்தால் புருஷன். இது அவளே கேட்டு வாங்கிய எழுத்து. மருந்து, ரோமம், துணி என்று மூன்று மாதத்தில் சுவரே கறுத்துப்போயிற்று.

கபீர் மீன் வாங்கப் போன ஒரு காலையில் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்தாள். இரண்டாம் பக்கத்தில் புருஷன். ஒட்டினாற்போல மனிதன். புருஷனுடைய ஆள். அப்படியென்றால் பெண்டாட்டி!

கபீர் வந்ததும் கடிதத்தை முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது பொண்டாட்டின்னுதானே இருக்கு? யாரு அவ?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கபீருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீதான் புள்ள அது. பூயின், அப்படித்தான் சொல்லுவாக. அடுத்தவுக சம்சாரத்தை மரியாதையாச் சொல்ற சொல்லு. மேல படி."

படித்தாள். ரோமம், துணி. சேர்த்தால் போர்வை. அதற்கப்புறம் காம்சா, நன்றி.

"எந்தப் போர்வை?"

"உம்மா சேலைப் போர்வைதான். அந்த நர்சோட தம்பி, ரெண்டு காலும் போயி, குளிர்ல வெறைச்சுக் கெடந்தான். போத்திவிட்டேன். திருப்பிக் கேக்க மனசு வரல. ஒங்கிட்டச் சொல்லத் தைரியம் வரல. பொழைச்சுக்கிட்டானாம்."

"அட மனுசா! இதைச் சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று பிடித்துக்கொண்டாள் ஜுனைதா. கடலில் விழுந்ததாகப் பொய் சொன்னதற்கு ஒரு பாட்டம், மூன்று மாதம் தன்னை வேகவைத்ததற்கு ஒரு பாட்டம். பாதித் திட்டிலேயே சிரிப்பு வந்துவிட்டது. கடலோடு போனதென்று அழுத உம்மாவின் சேலை, எங்கோ ஓர் உயிரைப் போர்த்திக்கொண்டிருக்கிறது! சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை.

அடுத்த மாதமே இன்னொரு போர்வை தைத்து முடித்தாள். இந்தமுறை தன் நிக்காஹ் சேலையையே வெட்டினாள். வாசலில் கொரியா நர்சுக்கான பார்சலை வாங்கிய தபால்காரர் வீரையா, "அனுப்புறவுக பேரு என்ன தாயி?" என்று பென்சிலை எடுத்தார்.

"பூயின்னு போடுங்கண்ணே" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. "அவளுக்குத் தெரியும்."