அண்ணை மறுத்த ஜெலி

பிரெஞ்சு பேசும் இந்நகரத்தின் அஹுன்ட்சிக் பகுதியில் நான் குடியிருக்கும் மாடித்தொகுதியின் பின்னே புகையிரதப் பாதை செல்கிறது. அதன் கம்பிவேலியெங்கும் காட்டுத் திராட்சை படர்ந்து கிடக்கும். மிளகிலும் சற்றே பெரிதான கருநீலப் பழம். வாயிலிட்டால் நாக்குச் சுருங்கும். நூலகத்துப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, அதிலிருந்து ஜெலி காய்ச்சும் முறையை நானாகவே கற்றுக்கொண்டேன்.

சென்ற இலையுதிர்காலத்தில் அதை என் தமையனாருக்காகக் காய்ச்சினேன். அவர் இதே நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் முதியோர் இல்லமொன்றில் இருந்தார். பிள்ளைகள் டொரொன்டோவில். சோற்றை வெறுத்துவிட்டார். "நாக்குச் செத்துப் போச்சுதடா, புளிப்பா ஏதும் இருந்தால் தின்பன்" என்று ஒருநாள் சொன்னார். அச்சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

காரணம் உண்டு. நான் இந்நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தில் பதினொரு ஆண்டுகள் இறைச்சி வெட்டினேன். அந்த வேலையைத் தேடித் தந்தவரும் அண்ணைதான். எனினும் அவர் மச்சமாமிசம் தொடாத சைவர்; நான் கத்தியைத் தொட்ட நாள் முதலாக என் வீட்டில் ஒருவாய்த் தண்ணீரும் அருந்தவில்லை. வேலையை விட்ட பின்னரும், நானும் சைவமாகிய பின்னரும் அருந்தவில்லை. அவர் கண்மூடுவதற்குள் என் கையால் ஆக்கிய ஒன்றையேனும் அவர் உண்ண வேண்டும் என்பதே என் விருப்பமாயிருந்தது.

புதுச் சட்டி வாங்கினேன். புதுக் கரண்டி வாங்கினேன். பழங்களைக் காம்பு நீக்கிக் கழுவி, இறுகுவதற்காகத் தெருவோர மரத்துச் சிறிய புளி அப்பிள்களையும் நறுக்கிச் சேர்த்து அவித்தேன். உடுத்தாத வேட்டியில் கிழித்த துண்டில் கட்டித் தொங்கவிட்டேன். பிழிந்தால் சாறு கலங்கிவிடும். தானாகவே சொட்ட வேண்டும். மறுநாள் சீனி சேர்த்துக் காய்ச்சி, குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளிப் பார்த்தேன். மேலே சுருக்கம் விழுந்தது. போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, மாணிக்கம்போலத் தெளிந்திருந்தது.

இல்லத்துக்குக் கொண்டுபோய் நீட்டினேன். அண்ணை அதைக் கையில் வாங்கவில்லை.

"எங்கை பிடுங்கினனீ?"

"றெயில் வேலியிலை, அண்ணை."

"நாய் மூத்திரம் பெய்த வேலியோ?"

"உயரத்திலை பிடுங்கினது. நாலுதரம் கழுவினனான்."

"இதுக்குள்ளை எலும்பு போடுறவங்களாம்."

"நான் போடேல்லை. அப்பிள்தான் இறுக வைக்கிறது. சட்டியும் புதுசு."

"சட்டி புதுசு," என்று அண்ணை சிரித்தார். "கை பழசெல்லோ?"

போத்தலைப் பைக்குள் வைத்தேன். அவ்வேளையில் பணிப்பெண் மாலைத் தட்டுடன் வந்தாள். ஹெயிட்டி நாட்டவள், கலகலப்பானவள். தட்டிலே சிறு பிளாஸ்ரிக் கிண்ணத்தில் சிவப்பு ஜெலி. அண்ணையின் முகம் மலர்ந்தது.

"இது பார், இவங்கள் வடிவாச் செய்யிறாங்கள். ரெண்டு கிழமையா இதுதான் எனக்குச் சாப்பாடு."

கிண்ணத்தின் மூடியைக் கையிலெடுத்தேன். அதில் பிரெஞ்சில் அச்சிட்டிருந்த சேர்மானங்களில் இரண்டாவது சீனி, மூன்றாவது ஜெலற்றின். விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. உணவகத்துச் சமையலறையில் அதை நான் வாளி வாளியாகக் கரைத்திருக்கிறேன்.

பணிப்பெண் என்னிடம் பிரெஞ்சில் கேட்டாள். இறைச்சியும் மீனும் கூடாதென்று அவளுடைய தாளில் எழுதியிருக்கிறதாம். அண்ணைக்கு ஆகாதது வேறு ஏதும் உண்டா?

"என்னவாம்?" என்றார் பிரெஞ்சு தெரியாத அண்ணை.

"ஜெலி பிடிச்சிருக்கோ எண்டு கேக்கிறா."

"ஓம், நாளைக்கும் கொண்டுவரச் சொல்லு."

வேறு ஒன்றுமில்லை, இதையே கொடுங்கள் என்று அவளிடம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அண்ணையின் கை நடுங்கியபடியால் கரண்டியை நான் எடுத்தேன். அவர் வாய் திறந்தார். ஊட்டினேன்.

கிழவரின் கடைசி இன்பத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று இன்று எழுதிவிடலாம். அது பொய். கிண்ணம் காலியாகும்வரை என் நெஞ்சில் இருந்தது இரக்கமன்று. அதன் பின்னர் ஒவ்வொரு நாளும் சொல்லிவிட எண்ணியே பஸ் ஏறினேன். ஒவ்வொரு நாளும் ஊட்டிவிட்டே திரும்பினேன்.

தை மாதம் அவர் காலமானார். கிரியை முடிந்தபின் அவருடைய மூத்த மகன் வந்திருந்தோர் நடுவே என் தோளைத் தொட்டான்.

"அப்பா கடைசி மட்டும் ஒரு துளி மச்சமும் படாமல் போனவர். என்ன சித்தப்பா? நீங்கள்தானே கிட்ட நிண்டனீங்கள்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம் தம்பி," என்றேன். "நான்தான் கிட்ட நிண்டனான்."