வெளியே மட்டும் தாழ்ப்பாள்

அத்தான், அதாவது என் அக்கா புருஷன், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. தினமும் வரும் பால்காரரையே ஏற இறங்கப் பார்ப்பார்.

“தோட்டத்துல ஒரு சின்ன ரூம் போடலாங்க” என்று அக்கா கேட்டபோது, நான் அவர்கள் வீட்டில் தங்கி வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தேன். அது போதாதா? அறை எனக்குத்தான் என்று அத்தான் முடிவு கட்டிவிட்டார். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் என்னையே கடிக்க வந்துவிட்டார்.

அறைக்கான படத்தை அவரே போட்டார். கட்டில் நுழையாத அகலம். பாத்ரூம் கிடையாது. ஒரே ஜன்னல், அதுவும் சமையலறையைப் பார்த்து.

“உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டாமா சார்?” என்று கொத்தனார் கேட்டார்.

“வெளிய மட்டும் போடுங்க. உள்ள பூட்டிக்கிட்டுத் தூங்குனா யாரு எழுப்புறது?” என்று அத்தான் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாரமே வேறு வீடு பார்த்துப் போய்விட்டேன்.

அறை முடிந்த அன்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். அத்தானின் நாற்காலியையும் ரேடியோவையும் அவளே உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

“எங்க போற, யார்கிட்ட பேசுனன்னு நாள் முழுக்கப் பின்னாடியே வர்றீங்க. எனக்கு மூச்சு முட்டுது. இந்த ரூமை உங்களுக்குத்தாங்க கேட்டேன்.”

அவர் உட்கார்ந்தார். முழங்கால் சுவரில் இடித்தது. அக்கா வெளியே வந்து கதவைச் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள்; அது கிறீச்சிட்டது.

“யாரது?” என்றார் உள்ளேயிருந்து.

நாங்கள் இரண்டு பேரும் தெருவைப் பார்த்து நடந்தோம்.